ஸ்க்ரூவைத் திருகும் முன்: கடலோரத்தில் ஏர் பிஸ்டல் டியூனிங், கோளாறு நீக்கம் முழு வழிகாட்டி

ஸ்கோர் கொஞ்சம் இறங்கினால் ட்ரிகர் ஸ்க்ரூ. குண்டு இடப்பக்கம் போனால் குறிபார்க்கும் சைட்டின் ஸ்க்ரூ. மறுநாள் கைப்பிடி ஸ்க்ரூ. ஒரு வாரம் இப்படிப் போனால், பிஸ்டல் கடையிலிருந்து வந்தபோது எந்த ஸ்க்ரூ எங்கே நின்றது என்பதே யாருக்கும் தெரியாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்கள் பலவற்றில் பழுதே இருக்காது. பழுது உள்ளவற்றிலும் பெரும்பாலானவை ஈரமும் உப்புக்காற்றும் செய்த வேலை. அதனால் இந்த வழிகாட்டி, கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. சரிசெய்வது அதற்கப்புறம்தான்.

இங்கே சொல்வதெல்லாம் சிலிண்டரில் அழுத்தக் காற்று அடைத்துச் சுடும் 4.5 மி.மீ. மேட்ச் பிஸ்டல்களுக்கு: ஸ்டெயர் எல்பி10, மொரினி சிஎம் 162, வால்தர் எல்பி500, ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ், பர்தினி கே12 போன்றவை. ஸ்க்ரூக்கள் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்

பிஸ்டலில் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் இன்னொரு முறை பாருங்கள். வேலை முடியும்வரை பேரல் குண்டு பிடிக்கும் பெட்டியைப் பார்த்தே இருக்கட்டும். சுடாத நேரத்தில், உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கயிறு பேரலுக்குள் நிற்க வேண்டும். வீட்டு மாடியிலோ ரப்பர் ஷெட்டிலோ 10 மீட்டர் அளந்து பயிற்சி செய்பவர்கள், குறிக்குப் பின்னால் கதவோ வழியோ இல்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். சிலிண்டர் மாட்டியிருக்கும்போது காற்றுப் பாதையின் எந்தப் பாகத்தையும் கழற்றக்கூடாது. சிலிண்டரைக் கழற்றிய பிறகும் உள்ளே கொஞ்சம் காற்று தேங்கி நிற்கும். குண்டு இல்லாமல் சில முறை காக் செய்து (சுடத் தயார் நிலைக்கு இழுத்து) சுட்டு, சத்தம் முற்றிலும் அடங்கிய பிறகே கை வையுங்கள்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று போனில் படம் எடுங்கள். ஸ்க்ரூத் தலையிலிருந்து பிஸ்டல் உடம்புவரை நெயில் பாலிஷால் மெல்லிய கோடு இழுத்துவிட்டால், அது தானாகத் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டு ஸ்க்ரூவைச் சேர்த்துத் திருகிவிட்டு ஸ்கோர் ஏறினாலும், எதனால் ஏறியது என்று சொல்ல முடியாது.

முதல் படி: கையா, பிஸ்டலா?

ஒரு சின்னக் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 32 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 31 மி.மீ. விலகும். குறித்தாளில் வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. அப்படியென்றால் கிட்டத்தட்ட நான்கு வளையம் போய்விட்டது. இப்போது குண்டின் வேகத்தை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டருக்குள் சுமார் 22 மி.மீ. கீழே இறங்கும். 140 மீட்டர் வேகத்தில் சுமார் 25 மி.மீ. காற்றின் தடையைச் சேர்க்காத கணக்கு இது. வேகத்தில் 10 மீட்டர் என்பது பெரிய வீழ்ச்சி, அதற்கே குறியில் 3 மி.மீ.தான் வித்தியாசம். ஏழுக்கும் ஆறுக்கும் குண்டு சிதறும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது எது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

குளச்சலிலிருந்து வரும் பையன் ஒருவன் ஒருநாள் வந்ததும் வராததுமாக, "அண்ணே, ட்ரிகர்லதான் ஏதோ கோளாறு, பாருங்க" என்று பெட்டியைத் திறந்தான். "ஸ்க்ரூவத் தொடாத மக்ளே, முதல்ல மணல் மூட்டைல வெச்சு அஞ்சு குண்டு சுடு" என்றேன். ஐந்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. அவன் பிஸ்டலைப் பெட்டியில் வைத்துவிட்டு, வெறும் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் (குண்டு இல்லாமல் சுடும்) பயிற்சிக்குப் போனான்.

அந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். பழைய ஜீன்ஸின் காலை வெட்டி, பிளாஸ்டிக் உறையில் கட்டிய மணலை உள்ளே திணித்துத் தைத்தால் மூட்டை தயார். மணலை நேரடியாகக் கொட்டினால் தூசி கசிந்து பிஸ்டலுக்குள் போகும், உறை கட்டாயம் வேண்டும். மேசையில் மூட்டை, மூட்டை மேல் பிஸ்டலின் சட்டம். சிலிண்டரும் பேரலும் மூட்டையில் அழுந்தக்கூடாது. உட்கார்ந்து நிதானமாக ஐந்து குண்டு, அப்புறம் புதுக் குறித்தாளில் இன்னொரு ஐந்து. பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. நல்ல குண்டு போட்ட மேட்ச் பிஸ்டல், மூட்டையிலிருந்து அதற்குள் ஐந்தையும் தாராளமாக அடக்கிவிடும். விளிம்புக்கு விளிம்பு 8 மி.மீ. அளவில் இருந்தால் பிஸ்டலில் குறை இல்லை. அதைவிட விரிந்தால் தொடர்ந்து படியுங்கள்.

விரிவின் வடிவத்தையும் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் பெரும்பாலும் காற்று அல்லது வேகப் பிரச்சினை. எல்லாப் பக்கமும் சிதறினால் பெல்லட் (சுடும் ஈயக் குண்டு), பேரல், தளர்ந்த சைட் இவற்றில் ஒன்று. இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைக்கு நடுவே ஆடுகிறது. பின் சைட்டை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள், கைப்பிடி ஸ்க்ரூவையும் பாருங்கள்.

பெல்லட்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டைத் தலை மேட்ச் பெல்லட் மட்டும் போடுங்கள். தலை விட்டம் 4.48, 4.49, 4.50, 4.51 என்று பல அளவில் வரும். எந்த அளவு உங்கள் பேரலுக்குப் பிடிக்கும் என்பதை மூட்டையில் வைத்துச் சுட்டுத்தான் அறிய முடியும். ஒத்துப்போகும் டப்பா கிடைத்தால் அதன் லாட் எண்ணைக் குறித்து, அதே லாட்டில் இன்னும் சில டப்பா வாங்கி வையுங்கள்.

கடலோரத்தில் ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும். பூத்த பெல்லட்டை மேட்சுக்கு எடுக்காதீர்கள். டப்பாவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அந்த வெள்ளைப் பொடி ஈயக் கூட்டுப்பொருள், உடம்புக்குள் போகக்கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீக்கடைப் பக்கம் போகாதீர்கள். சின்னப் பிள்ளைகள் பெல்லட்டை வாயில் ஒதுக்கி வைக்கும் பழக்கத்தைக் கண்டால் அப்போதே நிறுத்துங்கள்.

காற்று: நம் மாவட்டத்தில் முதல் சந்தேகம்

ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை. இரண்டும் நமக்குக் கிடைக்கிறது. கைப் பம்பில் காற்று அடிப்பவர்கள் இந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் சிலிண்டருக்குள் அடைக்கிறார்கள். 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அழுத்தும்போது காற்றிலுள்ள நீராவி தண்ணீராக மாறி உள்ளே தங்கும். வால்வு, சுடும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், பிரஷர் கேஜ் எல்லாம் அந்தத் தண்ணீரால்தான் கெடுகின்றன. முடிந்தால் உலர்த்தி வடிகட்டிய காற்று நிரப்பிய பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்புங்கள். கைப் பம்புதான் வழி என்றால், ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாக இருக்கட்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது அடிக்காதீர்கள். நடுநடுவே நிறுத்தி, பம்பின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள்.

நிரப்புவது மெதுவாக நடக்க வேண்டும். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், கேஜ் 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். அதைக் கசிவு என்று நினைத்துக் கவலைப்படுபவர்கள் உண்டு. அதேபோல் 30 டிகிரியில் 200 பார் இருக்கும் சிலிண்டரைப் பூட்டிய காரில் வெயிலில் விட்டு 60 டிகிரிக்குப் போனால் அழுத்தம் சுமார் 220 பார் ஆகும். காரில் விட்டுப் போகாதீர்கள்.

ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக்கூடாது. உயர் அழுத்த ஆக்ஸிஜனும் ஒரு துளி எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டரின் மேல் அச்சிட்ட காலாவதி தேதியையும் பாருங்கள். பல தயாரிப்புகளில் அது 10 ஆண்டு. தேதி தாண்டிய சிலிண்டர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ஓரமாக வைத்துவிடுங்கள்.

கசிவு கண்டுபிடிக்கும் முறை இதுதான். இரவில் கேஜைப் படித்து எழுதி வைத்து, சிலிண்டரைக் கழற்றித் தனியே வையுங்கள். காலையில் அழுத்தம் இறங்கியிருந்தால் கசிவு சிலிண்டர் வால்விலோ கேஜிலோ. இறங்காவிட்டால் மறுநாள் இரவு பிஸ்டலில் மாட்டியே வையுங்கள். இப்போது இறங்கினால் கசிவு பிஸ்டலில். மாட்டும் இடத்திலுள்ள ஓ-ரிங்கில் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) முதலில் சோப்புத் தண்ணீர் ஒரு துளி தொட்டு வையுங்கள், குமிழ் வருகிறதா பாருங்கள், உடனே துடைத்து உலர்த்துங்கள். அங்கே இல்லையென்றால் பேரல் வாயில் காதை வைக்காமல், ஈர விரலை வாய்க்கு எதிரே பக்கவாட்டில் காட்டிப் பாருங்கள். குண்டு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இதுவும். குளிர்ச்சியாகத் தொடர்ந்து காற்று பட்டால் உள்ளே உள்ள வால்வு மூடவில்லை. அது சர்வீஸ் ஆளின் வேலை.

இன்னொரு கசிவு சுடும் அந்த நொடியில் மட்டும் நடக்கும், கேஜில் தெரியாது. குண்டு போடும் வாயை மூடும்போது பேரலின் பின்முனையில் ஒரு சின்ன ஓ-ரிங் காற்றை அடைக்கிறது. டிஷ்யூ பேப்பரில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்து, மூடிய வாயின் இடுக்கின் மேல் தொங்கவிட்டுச் சுடுங்கள். கீற்று அசையாமல் நின்றால் சரி. துள்ளினால் ஓ-ரிங் தட்டையாகிவிட்டது. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உருண்டையாக இருக்க வேண்டிய விளிம்பு ஒரு பக்கம் பளபளவென்று மழுங்கியிருக்கும். கூரான ஊசியால் தோண்டாதீர்கள், அது உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது ஓ-ரிங்கும் கசியும். மரப் பல்குச்சி போதும். புதியதைக் கொஞ்சமாக சிலிக்கான் கிரீஸ் தொட்டுப் பொருத்துங்கள்.

ரெகுலேட்டர் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு. தொடர்ந்து சுடும்போது எல்லாம் சரியாக இருக்கும். பத்து நிமிடம் ஓய்வு எடுத்துவிட்டுச் சுட்டால் முதல் குண்டு மட்டும் வேறு உயரத்தில் போகும். ரெகுலேட்டரின் சீட் சரியாக மூடாமல், ஓய்வு நேரத்தில் அழுத்தம் மெல்ல ஏறிவிடுகிறது என்று பொருள். வேகம் அளக்கும் குரோனோகிராஃப் கிடைத்தால் உறுதி செய்துகொள்ளலாம். ஒழுங்கான பிஸ்டலில் குண்டுக்குக் குண்டு வித்தியாசம் நொடிக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்கும். சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போகும்போது வேகம் படிப்படியாக இறங்கும், அது கோளாறு இல்லை. உங்கள் பிஸ்டலில் அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று நோட்டில் எழுதி, மேட்சில் அதற்கு வெகுமுன்பே சிலிண்டர் மாற்றுங்கள்.

ட்ரிகர்

ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பேரல் செங்குத்தாக மேலே பார்க்க, ட்ரிகரில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். சுடாமல் தூக்க வேண்டும். 500-ஐ ஒட்டி வைத்தால் வெயிலிலும் குளிரிலும் சில கிராம் மாறி, பரிசோதனை மேசையில் தோற்றுப்போகலாம். 510 முதல் 520 வரை வைப்பதே என் யோசனை.

பரிசோதனை எடை வாங்கக் காசு இல்லையா? அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் கம்பிக் கொக்கி கட்டுங்கள். தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்து, கொக்கியோடு சேர்த்து 515 கிராம் வரும்வரை தண்ணீரைக் கூட்டிக் குறையுங்கள். மூடியை இறுக்கி, மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கொக்கி ட்ரிகரின் நடுவில் நிற்க வேண்டும், ஓரத்தில் தொங்கினால் கணக்கு மாறும். தரையில் நிற்கும் பாட்டிலை மெதுவாக, ஆட்டாமல் தூக்குங்கள். மூன்று முறையும் சுடாமல் எழுந்தால் சரி.

இனி அமைப்பு. மேட்ச் ட்ரிகர் இரண்டு கட்டமாக இயங்கும். முதல் கட்டத்தில் விரல் ஓர் எடையை எடுத்துக்கொண்டு ஒரு சுவரில் முட்டி நிற்கும். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடுபடும். மொத்த எடையில் 350 முதல் 400 கிராம் முதல் கட்டத்துக்கும் மீதி இரண்டாவதுக்கும் என்று தொடங்குங்கள். புதியவர்களுக்கு சுவர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் இரண்டாம் கட்டத்தை இதைவிடக் குறைக்காதீர்கள். திருகும் வரிசை முக்கியம்: முதலில் முதல் கட்டத்தின் தூரம், அடுத்து அதன் எடை, பிறகு இரண்டாம் கட்டத்தின் எடை, கடைசியில் விடுபட்டபின் ட்ரிகர் ஓடும் தூரத்தை நிறுத்தும் ஸ்க்ரூ. ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று, அப்புறம் பத்து டிரை ஃபயர், பிறகு நோட்டு.

இரண்டாம் கட்டத்தில் விரல் இழுபட்டுக்கொண்டே போய் எப்போது விடுபடும் என்று தெரியாமல் இருந்தால், உள்ளே சியரின் (சுடும் பொறியைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) பிடிப்பு அதிகமாக இருக்கிறது. அதைக் குறைக்கும் ஸ்க்ரூவை மிகக் கொஞ்சமாகத் திருப்புங்கள். அதிகம் குறைத்துவிட்டால் காக் ஆகாமல் நழுவும், அல்லது தட்டினாலே சுட்டுவிடும். இந்த ஸ்க்ரூவைத் தொட்ட ஒவ்வொரு முறையும் குண்டு இல்லாமல் காக் செய்து, பேரலைக் குண்டுப் பெட்டிப் பக்கம் வைத்து, கைப்பிடியை உள்ளங்கையால் பல முறை தட்டிப் பாருங்கள். ஒருமுறை விடுபட்டாலும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுபோங்கள். இதில் சமரசம் வேண்டாம். ஓட்டத்தை நிறுத்தும் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி உள்ளே தள்ளினால் சில நேரம் சுடும், சில நேரம் சுடாது. விடுபடும் புள்ளி கிடைத்ததும் கால் சுற்று பின்னால் எடுத்துவிடுங்கள்.

மொரினி போன்ற எலக்ட்ரானிக் ட்ரிகரில் கோளாறு வந்தால் முதலில் பேட்டரி, அடுத்து பேட்டரி தொடும் தகடு. உப்புக்காற்றில் தகட்டில் பச்சையாகப் படியும். பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும்.

சைட், கைப்பிடி

குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். ஸ்க்ரூவில் உள்ள அம்புக்குறி சில பிஸ்டலில் குண்டு விழுந்த திசையையும், சிலவற்றில் குண்டு நகர வேண்டிய திசையையும் குறிக்கும். மூட்டையில் வைத்து ஐந்து குண்டு, பத்து கிளிக் திருப்பி இன்னொரு ஐந்து. இரண்டு கூட்டத்தின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து பத்தால் வகுத்தால் ஒரு கிளிக் எத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டுங்கள். மேட்சில் ஊகிக்க வேண்டிய அவசியமே வராது.

கைப்பிடிக்குச் சோதனை எளிது. கண்ணை மூடி, வழக்கம்போலக் கையைத் தூக்கிப் பிடித்து, கண்ணைத் திற. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இருந்தால் கைப்பிடி பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் எட்டிப் பார்த்தால், மணிக்கட்டை முறுக்கிச் சமாளிக்காமல் கைப்பிடியின் கோணத்தை மாற்றுங்கள். மரத்தில் குழி விழும் இடத்தை மரப் புட்டியால் நிரப்பலாம், அழுத்தும் இடத்தை உப்புத்தாளால் தேய்க்கலாம். மணிக்கட்டுக்குத் தாங்கல் தரும்படி நீட்டக்கூடாது, மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் மரம் ஊறி, ஜனவரியில் காய்ந்து சுருங்கும். இரண்டு பருவத்திலும் கைப்பிடி ஸ்க்ரூவைச் சரிபாருங்கள்.

உப்பும் ஈரமும்

பிஸ்டலோடு வரும் பஞ்சுப் பெட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டம், மணவாளக்குறிச்சி போலக் கடலை ஒட்டிய ஊர்களில் மூடிய பெட்டியில் ஒரு வாரம் வைத்தாலே ஸ்க்ரூத் தலைகளில் செம்புள்ளி காணலாம். பெட்டியை அவ்வப்போது திறந்து காய வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். நீலம் இளஞ்சிவப்பானதும் வாணலியில் லேசான சூட்டில் வறுத்தால் மீண்டும் வேலை செய்யும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தராதீர்கள். சுட்டு முடித்ததும் கைபட்ட இடமெல்லாம் உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் ஒரு துளி தொட்ட துணியால் மறுபடி துடையுங்கள்.

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. பிஸ்டலுக்கு மட்டும் வேண்டாம். அது நாள்பட்டால் பிசினாகும், 24 டிகிரிக்குக் கீழே உறையவும் செய்யும். ட்ரிகருக்குள் போனால் ஒட்டிக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்ப்ரேயையும் ஓ-ரிங் பக்கம் அடிக்காதீர்கள்.

ஐந்து குண்டு செமி-ஆட்டோ ஏர் பிஸ்டல்

ஸ்டெயர் எல்பி50 போன்றவற்றுக்கு மேலே சொன்ன எல்லாமே பொருந்தும், கூடுதலாக மேகஸின் இருக்கிறது. மேகஸினின் ஐந்து துளைக்கும் எண் கொடுத்து, எந்தத் துளையின் குண்டு எங்கே விழுந்தது என்று தனித்தனியே குறியுங்கள். விலகும் குண்டு எப்போதும் மூன்றாவது துளையிலிருந்தே வந்தால் குறை மேகஸினில். எல்லாத் துளையிலிருந்தும் மாறிமாறி வந்தால் அது பிஸ்டல் அல்லது கை. ஒரு குண்டு சுட்டு அடுத்தது தயாராகாமல் நின்றால் முதலில் சிலிண்டர் அழுத்தம், அடுத்து துளையில் முழுதாக உட்காராத பெல்லட்.

மேட்சுக்குப் போகும் முன்

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டலில் காக்கிங் லீவர் தகுதிச் சுற்றின் நடுவில் உடைந்தது. சரிசெய்து திரும்புவதற்குள் கிட்டத்தட்ட 20 நிமிடம் போய்விட்டது. 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டிய போட்டி அது. 575 எடுத்து, இறுதிச் சுற்றை இரண்டு புள்ளியில் தவறவிட்டார். 2024 பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். அந்த உயரத்தில் இருப்பவருக்கே உலோகம் சொல்லாமல் உடையும் என்றால், மாநிலப் போட்டிக்கு ரயில் ஏறும் நம் பிள்ளைகள் வெறுங்கையோடு போகலாமா? நிரப்பிய இரண்டாவது சிலிண்டர், சாதன அளவுக்கேற்ற ஓ-ரிங்குகள், சிலிக்கான் கிரீஸ், ஆலன் சாவிகள், பேட்டரி, சைட் நிலைகள் எழுதிய நோட்டு பையில் இருக்கட்டும். விமானத்தில் போவதாக இருந்தால் சிலிண்டரைக் காலி செய்து வால்வைத் திறந்து காட்டும்படி கொண்டுபோங்கள். போட்டிக்கு முந்தின வாரம் எந்த ஸ்க்ரூவையும் தொடாதீர்கள்.

சர்வீஸுக்கு அனுப்ப வேண்டி வந்தால் சிலிண்டரைக் கழற்றிக் காலி செய்து, பிஸ்டலைத் தனியே கட்டுங்கள். கூடவே ஒரு தாள்: மூட்டையில் சுட்ட குறித்தாள்கள், இரவு எழுதிய கேஜ் அளவு, காலை எழுதிய கேஜ் அளவு, டிஷ்யூ துள்ளியதா இல்லையா, எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்பது. பிஸ்டலைப் பிரிக்கும் முன்பே பழுது எந்தப் பக்கம் என்று அவருக்கு அதிலிருந்து தெரிந்துவிடும்.